வெறும் சுவர் ஹாலில் காதைக் குத்தும் ஸ்பீக்கர்: கருவியை மாற்றுவதா, அறையைச் சரிசெய்வதா?

செவிக்கினியன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் புதிய அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த பிறகு, நெடுநாள் ஆசையாக ஒரு ஸ்டீரியோ செட் வாங்கினேன். கீழ் சுருதிகளுக்கு ஆறரை அங்குல வூஃபரும் மேல் சுருதிகளுக்கு ஒரு ட்வீட்டரும் கொண்ட சிறிய ஸ்பீக்கர் ஜோடி, 60 வாட் ஆம்ப்ளிஃபையர், ஒரு சிடி பிளேயர், கைப்பேசியிலிருந்து கேட்பதற்கு ஒரு டிஏசி (எண்களாக உள்ள ஒலியை மின்னலையாக மாற்றும் கருவி) ஆகியவை அதில் அடக்கம். கடையின் கேட்பு அறையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அமர்ந்து கேட்டு, ஒலி மனத்துக்குப் பிடித்த பின்னரே வாங்கினேன். அதே செட் எங்கள் ஹாலில் காதைக் குத்துகிறது.

வயலின் மேல் ஸ்தாயிக்குப் போகும்போதும், நாதஸ்வரத்திலும், பெண் குரல் உச்சத்தைத் தொடும் இடங்களிலும் இந்த உறுத்தல் அதிகம். ஒலியைச் சற்றுக் கூட்டினால் வீட்டில் உள்ளவர்கள் உடனே குறைக்கச் சொல்கிறார்கள். குறைத்து வைத்தாலோ பாட்டில் உயிரில்லை. ஆம்ப்பில் உள்ள டிரெபிள் குமிழைக் குறைத்துப் பார்த்ததில், ஜால்ராவின் மினுமினுப்பும் மிருதங்கத்தின் வலந்தலைத் தெளிவும் மங்கினவே தவிர, குத்தல் அப்படியே நிற்கிறது.

ஹாலின் நீளம் 14 அடி, அகலம் 12 அடி, உயரம் 10 அடி. தரை முழுவதும் விட்ரிஃபைட் டைல்ஸ். பட்டி பார்த்து எமல்ஷன் அடித்த சுவர்கள். ஒரு பக்கம் பால்கனிக்குச் செல்லும் கண்ணாடிக் கதவு. கிரானைட் பலகை பதித்த டிவி யூனிட்டின் மேல், பின்சுவரை ஒட்டி ஸ்பீக்கர்கள் உள்ளன. எதிர்ச்சுவரை ஒட்டி சோபா. விற்றவரைக் கேட்டால், ஸ்பீக்கர் கேபிளை உயர்ந்த ரகத்துக்கு மாற்றுங்கள், அது போதாவிட்டால் ஆம்ப்பை மாற்றலாம் என்கிறார். மேலும் செலவு செய்வதற்கு முன், குறை எங்கே இருக்கிறது என்று அறிந்துகொள்ள விரும்புகிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

---

அலைநீளம் (பதில்)

வணக்கம். கேபிள் யோசனையை ஒதுக்கிவிடலாம். மின்வேலைக்குப் பயன்படும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியே உங்கள் ஹாலின் தூரத்துக்குத் தாராளமாகப் போதும். அதற்கு மேல் எவ்வளவு கொடுத்து வாங்கினாலும், நீங்கள் சொல்லும் வகைக் குத்தல் அதனால் தீராது.

நீங்கள் எழுதியவற்றில் இரண்டு செய்திகள் முக்கியமானவை. கடையில் நன்றாக ஒலித்தது என்பது ஒன்று. டிரெபிளைக் குறைத்தும் குத்தல் போகவில்லை என்பது மற்றொன்று. முதலாவது, சந்தேகத்தைக் கருவியிலிருந்து அறையின் பக்கம் திருப்புகிறது. இரண்டாவது, தொல்லை எந்த அதிர்வெண்ணில் இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. ஆம்ப்களில் உள்ள டிரெபிள் குமிழ் பெரும்பாலும் பீட்டர் பாக்ஸன்டால் 1952இல் வெளியிட்ட சுற்றின் வழிவந்தது. 1,000 ஹெர்ட்ஸுக்கு அருகே மெல்லத் தொடங்கி, 10,000 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் அது முழுமையாக வேலை செய்யும். நம் காதோ 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில்தான் மிகக் கூர்மையாக இருக்கிறது. காதுக் குழாயின் நீளம் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் என்பதால், அதன் இயல்பான ஒத்ததிர்வு அங்கேயே அமைகிறது. வயலினும் நாதஸ்வரமும் உச்சக் குரலும் தங்கள் வலிமையைக் கொட்டும் இடமும் அதுவே. 2,000 முதல் 5,000 வரை மிகுந்து நிற்பதைக் குறைக்க டிரெபிள் குமிழைத் திருகினால், ஜால்ரா மங்கும், குத்தல் தங்கும். நீங்கள் கண்டது சரியாக அதைத்தான்.

இனி, அந்தப் பகுதி உங்கள் ஹாலில் மட்டும் ஏன் மிகுகிறது என்று பார்ப்போம். ஆறரை அங்குல வூஃபரின் கூம்பு உண்மையில் 13 சென்டிமீட்டர் அளவுதான் விட்டம் கொண்டது. 2,500 ஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளமும் ஏறத்தாழ அவ்வளவே. அலைநீளம் கூம்பின் அளவுக்குச் சுருங்கும்போது வூஃபரின் ஒலி பக்கவாட்டில் பரவாமல் முன்னோக்கிக் குவியத் தொடங்கும். அந்த இடத்தில், ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் சுற்றான கிராஸ்ஓவர், பொறுப்பை 25 மில்லிமீட்டர் ட்வீட்டரிடம் ஒப்படைக்கிறது. அதுவோ 3,000 ஹெர்ட்ஸில் எல்லாத் திசைகளிலும் அகலமாக வீசும். ஆகவே ஸ்பீக்கருக்கு நேர் எதிரே அமர்ந்தவருக்கு எல்லாம் சீராகக் கேட்டாலும், பக்கச் சுவர்களை நோக்கிச் செல்லும் ஒலியில் 3,000 ஹெர்ட்ஸ் பகுதி மட்டும் தூக்கலாக இருக்கும். கடையின் கேட்பு அறையில் கம்பளமும் திரையும் அதை விழுங்கிவிடும். பட்டி பார்த்த உங்கள் சுவர் அதில் ஏறக்குறைய முழுவதையும் உங்கள் காதுக்கே திருப்பி அனுப்புகிறது.

எவ்வளவு திரும்புகிறது என்பதைக் கணக்கிட்டும் பார்க்கலாம். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியக விரிவுரை அரங்கில் பேச்சு புரியவில்லை என்ற முறையீடு எழுந்தபோது, அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் இரவு நேரங்களில் வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அந்த அளவீடுகளிலிருந்து பிறந்த சூத்திரம் மிக எளியது: அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறையிலுள்ள மொத்த உறிஞ்சு பரப்பால் (ஒவ்வொரு பரப்பையும் அது உறிஞ்சும் பங்கால் பெருக்கிக் கூட்டியது) வகுத்தால், ஒலி 60 டெசிபல் தணிய எத்தனை நொடி ஆகும் என்பது கிடைக்கும். உங்கள் ஹால் சுமார் 48 கன மீட்டர். சுவர், தரை, கூரை என 80 சதுர மீட்டர் பரப்பு இருந்தாலும், டைல்ஸும் பூச்சும் உறிஞ்சுவது நூற்றில் மூன்று பங்கு போலத்தான். சோபாவையும் அமர்ந்திருப்பவர்களையும் சேர்த்தாலும் மொத்த உறிஞ்சு பரப்பு 5 சதுர மீட்டரைத் தாண்டாது என்று வைத்துக்கொண்டால், விடை ஒன்றரை நொடி. வீட்டில் இசை கேட்கும் அறைக்கு அரை நொடிக்குள் இருப்பதே நல்லது. சிறிய அறைக்கு இந்தச் சூத்திரம் தோராயமாகத்தான் பொருந்தும். ஆனால் மூன்று மடங்கு வேறுபாடு என்பது தோராயத்தில் மறைந்துவிடக்கூடியது அன்று.

எதையும் வாங்குவதற்கு முன் இரண்டு சோதனைகளைச் செய்யுங்கள். முதலாவதாக, பால்கனிக் கதவை முழுவதும் திறந்துவிட்டு அதே பாட்டைக் கேளுங்கள். திறந்த வெளியில் போன ஒலி திரும்பி வராது என்பதால், சபைன் தம் ஆய்வில் திறந்த சன்னலையே உறிஞ்சலின் அளவுகோலாகக் கொண்டார். 4 சதுர மீட்டர் கதவு திறந்தால் உங்கள் உறிஞ்சு பரப்பு 5லிருந்து 9 ஆகும். தெரு இரைச்சலைப் பொறுத்துக்கொண்டு கேட்டால் வேறுபாடு விளங்கும்.

இரண்டாவது சோதனைக்குக் கொஞ்சம் உடல் உழைப்பு தேவை. ஒரு மாலை நேரத்தில் செட்டை மொட்டை மாடிக்கு எடுத்துச் சென்று, கைப்பிடிச் சுவரிலிருந்து தள்ளி, காதின் உயரத்துக்கு ஸ்டூல்களின் மேல் ஸ்பீக்கர்களை வையுங்கள். இடையில் தரையில் ஒரு மெத்தையை விரித்து, ஹாலில் அமரும் அதே தூரத்தில் அமர்ந்து கேளுங்கள். சுவரும் கூரையும் இல்லாத இடத்தில் நீங்கள் கேட்பது ஸ்பீக்கரின் நேரடி ஒலி மட்டுமே. பாஸ் மெலிந்து கேட்கும். சுவர்களின் துணை இல்லாததால் அது இயல்பே. பாஸ் மெலிந்தால் மேல் சுருதிகள் எடுப்பாகத் தெரிய வேண்டும். அப்படியிருந்தும் குத்தல் இல்லையென்றால், ஸ்பீக்கரும் ஆம்ப்பும் குற்றமற்றவை என்று துணிந்து சொல்லலாம். மாடியிலும் குத்தினால், அறைக்காகச் செலவு செய்வது வீண்.

---

ஸ்பூல் டேப் (பதில்)

அலைநீளம் அவர்கள் அறையைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அதற்கும் முந்தைய ஒரு கேள்வி இருக்கிறது: எல்லாப் பதிவுகளும் குத்துகின்றனவா, சில மட்டுமா? அதே பதிவை ஒரு நல்ல ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். அங்கே அறை இல்லை. அங்கும் உறுத்தினால் குறை பதிவிலேயே இருக்கிறது.

நம் பழைய திரைப்பாடல்கள் இன்று பல பதிப்புகளாகக் கிடைக்கின்றன. சில மூல நாடாவிலிருந்து கவனமாக எடுக்கப்பட்டவை. சில தேய்ந்த இசைத்தட்டிலிருந்தோ கேசட்டிலிருந்தோ எடுத்து, இரைச்சலை நீக்குகிறோம் என்று குரலின் மென்மையையும் சேர்த்து நீக்கி, இழந்த தெளிவை ஈடுசெய்ய மேல் சுருதிகளைத் தூக்கி விட்டவை. இவற்றோடு, தொண்ணூறுகளுக்குப் பிறகு உலகெங்கும் பரவிய ஒரு பழக்கமும் சேர்ந்துகொண்டது. மற்றவர் பாட்டைவிடத் தம் பாட்டு உரத்துக் கேட்க வேண்டும் என்பதற்காக, மெல்லிய இடங்களைத் தூக்கி, உச்சங்களை வெட்டி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்கு அழுத்திவிடுவது. வெட்டப்பட்ட உச்சங்கள் திரிபாக மாறி, சரியாக அந்த 3,000, 4,000 ஹெர்ட்ஸ் பகுதியில்தான் உறுத்தும். புதிய பதிப்பு என்று அட்டையில் போட்டிருப்பதால் அது மேலானது என்று எண்ண வேண்டாம். என் அலமாரியில் பழைய சிடி ஒருபுறமும் அதன் மறுபதிப்பு மறுபுறமும் இருக்கின்றன. மறுபதிப்பை நான் தொடுவதே இல்லை.

கைப்பேசி வழியாகக் கேட்பவர்கள் கவனிக்க ஒன்று உண்டு. உச்ச அளவுக்கு அழுத்தப்பட்ட இத்தகைய பதிவுகளில், டிஏசி எண்களை அலையாக மாற்றும்போது, அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையில் உருவாகும் அலை எல்லையைத் தாண்டிவிடக்கூடும். சில டிஏசிகள் அந்த இடத்தில் ஒலியை வெட்டிவிடும். செயலியின் ஒலியளவை 3 டெசிபல் போலக் குறைத்துவிட்டு, ஆம்ப்பில் கூட்டிக்கொண்டால் இது தவிரும். செலவில்லாத வேலை என்பதால் செய்து பார்ப்பதில் நட்டமில்லை. ஸ்ட்ரீமிங் செயலியில் ஒலியைச் சமப்படுத்தும் வசதி இருந்தால், அதில் மிக உரத்த நிலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சில செயலிகள் அந்த நிலையில் தாமும் உச்சங்களை அழுத்துகின்றன.

மற்றொன்று பழைய சிடிகளைக் கணினியில் ஏற்றிக் கேட்பவர்களுக்கு. எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த சிடிகள் சிலவற்றில், சிறப்பாக ஜப்பானில் அச்சானவற்றில், மேல் சுருதிகளை வேண்டுமென்றே தூக்கிப் பதிந்து, பிளேயர் அதைத் திரும்பக் குறைத்துக்கொள்ளுமாறு ஒரு குறியீட்டைச் சேர்த்திருப்பார்கள். பிரீ-எம்ஃபசிஸ் என்பது அதன் பெயர். 5,000 ஹெர்ட்ஸில் நாலரை டெசிபல் அளவும், உச்சத்தில் பத்து டெசிபலுக்கு நெருக்கமாகவும் அது தூக்கும். சிடி பிளேயரில் போட்டால் தொல்லை இல்லை. கணினியில் ஏற்றும்போது அந்தக் குறியீடு தவறிவிட்டால், தூக்கியது தூக்கியபடியே ஒலிக்கும். ஒரே சிடி பிளேயரில் இனிமையாகவும் கோப்பாகக் கேட்கும்போது கூர்மையாகவும் இருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

---

வெள்ளித்தந்தி (பதில்)

இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை என்பது என் தாழ்மையான கருத்து. டிரான்சிஸ்டர் ஆம்ப்பின் வறட்சியே இதற்குக் காரணம். ஒரு நல்ல வால்வு ஆம்ப்பில் அதே ஸ்பீக்கரை இணைத்துக் கேட்டால் குரலில் ஈரம் வரும், குத்தல் தானே அடங்கும். என் வீட்டில் அப்படித்தான் அமைந்தது. செலவு கூடுதல்தான், ஆனால் ஒரு முறை செய்வது.

---

குமிழ் திருகி (பதில்)

வெள்ளித்தந்தி அவர்களின் வீட்டில் அமைந்ததை மறுக்கவில்லை. ஆனால் அது எல்லா ஸ்பீக்கருக்கும் பொருந்தும் என்று நம்பிப் பணம் போட வேண்டாம். வால்வு ஆம்ப் பலவற்றின் வெளியீட்டு மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் தடை) ஓரிரண்டு ஓம் அளவுக்கு இருக்கும். அதனால் ஸ்பீக்கரின் மின்மறுப்பு எங்கே ஏறுகிறதோ அங்கே ஒலியும் ஏறும், எங்கே இறங்குகிறதோ அங்கே இறங்கும். வூஃபர், ட்வீட்டர் என இரண்டு டிரைவர் கொண்ட ஸ்பீக்கர்கள் பலவற்றில் கிராஸ்ஓவரை ஒட்டி, 1,000க்கும் 3,000க்கும் இடையில், மின்மறுப்பு ஒரு மேடு போல உயர்ந்து நிற்கும். அத்தகைய ஸ்பீக்கரில் வால்வு ஆம்ப் குத்தலைக் கூட்டவும் கூடும். மேடு இல்லாத ஸ்பீக்கராக வாய்த்தால் மென்மை கிடைக்கும். எந்த ஸ்பீக்கர் என்று பாராமல் இதைப் பொது மருந்தாகச் சொல்வது சரியன்று.

ஒலியை மாற்றுவதுதான் நோக்கம் என்றால், ஈக்வலைசர் அதைக் குறைந்த செலவில், வேண்டிய இடத்தில், வேண்டிய அளவில் செய்யும். நம் ஆட்களில் பலருக்கு ஈக்வலைசர் என்றாலே எண்பதுகளின் கேசட் டெக்கில் மின்னிய குமிழ் வரிசை நினைவுக்கு வந்து ஓர் ஏளனம் தோன்றுகிறது. இன்று கைப்பேசியிலும் கணினியிலும் இருக்கும், மாற்றும் இடத்தையும் அகலத்தையும் அளவையும் நாமே தேர்ந்தெடுக்கும் பாராமெட்ரிக் ஈக்வலைசர் அதன் தூரத்து உறவுதான். 3,000 ஹெர்ட்ஸை மையமாகக் கொண்டு, மாற்றும் பகுதியின் அகலத்தைக் குறிக்கும் கியூ மதிப்பை 1 என்று அகலமாக வைத்து, 2 டெசிபல் குறைத்துக் கேளுங்கள். பிறகு மையத்தை 2,500க்கும் 4,000க்கும் இடையில் மெல்ல நகர்த்தி, வயலின் எங்கே அமைதியாகிறதோ அங்கே நிறுத்துங்கள். 3 டெசிபலுக்கு மேல் போக நேர்ந்தால் வேறு எங்கோ கோளாறு இருக்கிறது என்று பொருள். குத்தல் பாட்டு முழுவதும் இல்லாமல், சொல்லில் ஸகரம் வரும் இடத்தில் மட்டும் என்றால், தேட வேண்டிய இடம் 6,000 முதல் 9,000 வரை.

சிடி பிளேயரிலிருந்து நேராக ஆம்ப்புக்குப் போகும் ஒலிக்கு இது உதவாது என்பது உண்மைதான். அதற்கும் ஒரு பழைய வழி இருக்கிறது. ட்வீட்டருக்குத் தொடராக ஒரு மின்தடையைச் சேர்ப்பது அது. 8 ஓம் ட்வீட்டருக்கு முன் 1 ஓம் சேர்த்தால் ஏறத்தாழ 1 டெசிபல் குறையும். 10 வாட் தாங்கும் கம்பிச் சுற்று மின்தடை ஒன்றின் விலை ஒரு காபிக்கு மேல் ஆகாது. கிராஸ்ஓவருக்கும் ட்வீட்டருக்கும் இடையில் அதைச் சேர்ப்பதே முறை. ஆனால் பெட்டியைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்பதால், புதிய ஸ்பீக்கரில் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். மின்தடை ட்வீட்டரின் எல்லை முழுவதையும் சேர்த்துத்தான் குறைக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

---

செவிக்கினியன்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. சொன்ன சோதனைகளைச் செய்துவிட்டேன்.

மொட்டை மாடியில் கேட்டபோது, சிடியில் உள்ள வயலின் கச்சேரி கடையில் கேட்டது போலவே ஒலித்தது. பாஸ் மெலிந்திருந்தது, குத்தல் இல்லை. ஹாலில் பால்கனிக் கதவைத் திறந்து கேட்டபோதும் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது; ஆனால் தெருவின் ஆட்டோ சத்தத்தோடு கச்சேரி கேட்பது நடக்கிற காரியமில்லை. ஸ்ட்ரீமிங்கில் வரும் பழைய பாடல்களில் சில மட்டும் மாடியிலும் குத்தின, ஹெட்ஃபோனிலும் குத்தின. அவை ஸ்பூல் டேப் ஐயா குறிப்பிட்ட வகையைச் சேர்ந்தவை என்று விளங்குகிறது. 3,000 ஹெர்ட்ஸில் 2 டெசிபல் குறைத்தால் ஹாலில் ஓரளவு தேறுகிறது. என்றாலும், தபேலாவின் ஒவ்வொரு தட்டுக்குப் பின்னாலும் ஒரு வெண்கலச் சாயல் ஒட்டிக்கொண்டே வருகிறது; அது எந்தக் குமிழுக்கும் அசையவில்லை.

ஆகவே அறையைத்தான் கவனிக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். ஹாலை ஒலிப்பதிவுக் கூடம் போல ஆக்க வீட்டில் சம்மதம் கிடைக்காது. இணையத்தில் விற்கும் கூம்புக் கூம்பான பஞ்சு அட்டைகளை மூலைக்கு மூலை ஒட்டலாமா? முட்டை அட்டை போதும் என்கிறார் ஒரு நண்பர். வீட்டில் பவானி ஜமுக்காளங்கள் இருக்கின்றன, அவை உதவுமா?

---

அலைநீளம்

அந்த வெண்கலச் சாயல், எதிரெதிராக நிற்கும் இரண்டு வெறும் சுவர்களுக்கு இடையே ஒலி மாறி மாறி மோதுவதால் வருவது. ஹாலின் நடுவில் நின்று ஒரு முறை கைதட்டுங்கள். டிர்ர்ர் என்று ஒரு வால் நீளும். உடனே தேய்ந்து மறைய வேண்டிய ஒலி அது. ஈக்வலைசர் அளவை மட்டுமே மாற்றும், நேரத்தை மாற்றாது என்பதால்தான் எந்தக் குமிழும் அதை அசைக்கவில்லை.

செலவில்லாதவற்றை முதலில் முடித்துவிடுவோம். ஸ்பீக்கர்களைக் கிரானைட் பலகையின் முன்விளிம்பு வரை இழுத்து வையுங்கள். பலகையில் பட்டுத் தெறிக்கும் ஒலி உடனே குறையும். ட்வீட்டர் உங்கள் காது உயரத்தில் இருக்கட்டும். ஸ்பீக்கர்களின் பார்வை உங்கள் முகத்துக்கு ஓரடி முன்னால் ஒன்றையொன்று வெட்டும் அளவுக்கு உள்நோக்கித் திருப்புங்கள். அருகிலுள்ள பக்கச் சுவருக்குப் போகும் ஒலி அதனால் குறைகிறது. சோபாவைச் சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது முன்னே நகர்த்த முடிந்தால் இரட்டைப் பயன்: தலைக்குப் பின்னால் மோதி வரும் ஒலி வலுவிழக்கும், ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் உள்ள தூரம் குறைந்து நேரடி ஒலியின் பங்கு கூடும். உங்கள் ஹால் இப்போதுள்ள நிலையில், இரண்டரை மீட்டர் தள்ளி அமர்பவரை எட்டும் ஒலியில் பெரும்பகுதி சுவர்களைத் தொட்டுவிட்டு வருவதே.

முட்டை அட்டையை மறந்துவிடுங்கள். அது உறிஞ்சுவது மிகக் குறைவு. பல்லிக்கும் பூச்சிக்கும்தான் பயன்படும். கூம்புப் பஞ்சு அட்டை உறிஞ்சும், ஆனால் ஓரங்குலத் தடிமனில் அது பிடிப்பது மேல் சுருதிகளை மட்டுமே. சுவர் முழுவதும் அதை ஒட்டினால் ஜால்ரா செத்துப்போய், ஆண் குரல் பானைக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிடும். உறிஞ்சும் பொருளின் தடிமனும் சுவரிலிருந்து அது நிற்கும் தூரமுமே எவ்வளவு கீழ் வரை அது பிடிக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும் பொருள், கால் அலைநீளக் கணக்கின்படி 850 ஹெர்ட்ஸில் மிக நன்றாக வேலை செய்யும்.

ஜமுக்காளம் ஒன்று மட்டும் என்றால் அது மெல்லியது. குத்தல் இருக்கும் பகுதியின் மேல் ஓரத்தைத் தொடுவதோடு சரி. இரண்டு ஜமுக்காளங்களுக்கு இடையே ஒரு மெல்லிய இலவம்பஞ்சு மெத்தையையோ தடித்த ஃபெல்ட்டையோ வைத்து, ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் இடையில் 2 மீட்டருக்கு 3 மீட்டர் அளவில் விரித்தால், அது 3 சதுர மீட்டர் உறிஞ்சு பரப்புக்கு ஈடாகும். கண்ணாடிக் கதவுக்குக் கனமான துணியில் திரை போடுங்கள். துணியின் அகலம் கதவைப் போல் இரு மடங்கு இருந்து, மடிப்பு மடிப்பாக, கண்ணாடியிலிருந்து ஒரு கை அகலம் தள்ளித் தொங்க வேண்டும்; இழுத்துக் கட்டிய மெல்லிய திரையால் பயன் சொற்பம். அதில் மற்றொரு 3 கிடைக்கும்.

அரை நொடியை எட்ட மொத்தம் 15 சதுர மீட்டர் போல உறிஞ்சு பரப்பு தேவை; ஏற்கெனவே உள்ள 5 போக, மீதி நாலைப் பலகைகளிலிருந்து பெற வேண்டியிருக்கிறது. ஏசி டக்ட் வேலைக்கு விற்கும் கிளாஸ் வுல்லில், ஒரு கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியும் 50 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். நாலடிக்கு இரண்டடி மரச்சட்டம் ஆறு செய்து, அதில் பொருத்தி, துணி போர்த்தி, சுவரிலிருந்து 5 சென்டிமீட்டர் இடைவெளியில் மாட்டினால் கணக்கு நிறையும். மாட்டும் இடம் முக்கியம். நீங்கள் சோபாவில் அமர்ந்துகொண்டு, வேறொருவரைப் பக்கச் சுவரின் மேல் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். எந்த இடத்தில் ட்வீட்டர் அதில் தெரிகிறதோ, அந்த இடமே முதல் பலகைக்கு உரியது. இரு பக்கமும் இரண்டிரண்டு, தலைக்குப் பின்னால் இரண்டு. பால்கனிக் கதவு பக்கச் சுவரில் இருந்தால், அந்தப் பக்கத்தைத் திரை பார்த்துக்கொள்ளும். அந்தப் பலகைகளைச் சோபாவின் பின்புறம் கூடுதலாக மாட்டலாம். ஒரு சுவரில் புத்தக அலமாரி இருந்தால் அந்தச் சுவரில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம்.

இவற்றுக்குப் பிறகும் 3,000 ஹெர்ட்ஸ் சற்று மிஞ்சி நின்றால், குமிழ் திருகி சொன்ன ஈக்வலைசர் அப்போது 1 டெசிபலில் வேலையை முடித்துவிடும். அளந்து பார்க்க விரும்பினால், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விஸார்ட் மென்பொருளும் அளவீட்டுக்கென்றே விற்கும் ஒரு யூஎஸ்பி மைக்கும் போதும். அமர்ந்து கேட்கும் இடத்தில் வரைகோடு நேராகப் படுத்திருக்க வேண்டும் என்று எண்ணி, மேல் சுருதிகளைத் தூக்கி விடாதீர்கள். சீரான ஸ்பீக்கர் ஒரு வீட்டு அறையில் தரும் கோடு, பாஸிலிருந்து மேல் சுருதி வரை மெல்லச் சரிந்துதான் இறங்கும்.

---

செவிக்கினியன்

மிக்க நன்றி. தச்சரிடம் சட்டத்துக்குச் சொல்லிவிட்டேன். திரைத்துணியை வீட்டிலேயே தேர்ந்தெடுக்கிறார்கள். பலகைக்குப் போர்த்த எந்தத் துணி ஏற்றது? சோபாவுக்குப் போட்ட ரெக்சின் மீதம் இருக்கிறது, நிறமும் பொருந்துகிறது.

---

அலைநீளம்

ரெக்சின் வேண்டாம், குத்தல் இருக்கும் பகுதியை அது சுவரைப் போலவே திருப்பி அனுப்பிவிடும். துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு தடையின்றி மறுபக்கம் போகுமானால் ஒலியும் போகும். காடாத் துணி நன்றாகப் போதும், சாயமிட்டதும் கிடைக்கிறது. கிளாஸ் வுல்லின் இழைகள் உதிர்ந்து அறையில் பறக்காமல் இருக்க, காடாவுக்கு உள்ளே மெல்லிய நெய்யாத் துணி ஒரு சுற்று சுற்றி, பின்புறத்தையும் விடாமல் மூடச் சொல்லுங்கள். சட்டத்தில் பொருத்தும் வேலையை ஹாலில் வைத்துக்கொள்ளாமல் மொட்டை மாடியிலேயே முடித்துவிடுவது நல்லது. வேலை செய்பவர் கையுறையும் முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் அணியட்டும். அந்த இழைகள் தோலில் பட்டால் அரிப்பு லேசில் போகாது.